எழுதாத பேனா

மாலை வேண்டாம், மேளம் வேண்டாம், ரிஜிஸ்டர் ஆபீஸில் ஆளுக்கொரு கையெழுத்து, அவ்வளவுதான் கல்யாணம் என்று திட்டம் போட்டவன் இளம்பரிதிதான். "ராகு காலத்துல மட்டும் வேணாம் மாப்ள" என்று வசுமதியின் அம்மா கெஞ்சியபோது, "ராகுவையே சாட்சிக்குக் கூப்பிட்டுக்கலாம் அத்தை" என்று சிரித்தான். அவன் பக்கம் நின்று வசுமதி பெற்றவளோடு மல்லுக்கட்டினாள். அம்மா இன்று வரவில்லை.

ராகு காலம் முடியச் சற்று நேரம் இருக்கையில் அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். சார்பதிவாளர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். இளம்பரிதி பேனாவை உதறினான். "எழுதல சார்." வேறு பேனா வந்தது. முனையை ஊதினான், சட்டையில் துடைத்தான், மறுபடி உதறினான். சாட்சிக்கு வந்த நண்பனின் பேனாவும் எழுதவில்லையாம்.

"பேனா சரியில்லையா தம்பி, கை சரியில்லையா?" என்றார் சார்பதிவாளர்.

வசுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பேனாவைப் பிடுங்கி உள்ளங்கையில் தன் பெயரைக் கிறுக்கினாள். வழுக்கிக்கொண்டு எழுதியது. நிமிர்ந்தாள். அவன் கண் சார்பதிவாளரின் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

ராகு காலம் முடிந்தது. நண்பனின் பேனா உடனே எழுதியது. பளிச்சென்று கையெழுத்துப் போட்டுவிட்டு இளம்பரிதி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"இப்ப நீங்க போடுங்கம்மா."

வசுமதி உள்ளங்கையை மூடிக்கொண்டாள். கையிலிருந்த பேனாவை நிதானமாக ஒரு தடவை உதறினாள்.

"எழுதல சார்."