படிக்காதது 8,614

“மொத்தம் 8,826 கட்டுரை, அக்கா. அதுல நீங்க படிச்சது 212. மிச்சமெல்லாம் எதுக்கு?”

கேட்டவர் கம்ப்யூட்டர் சார். கேட்கப்பட்டவள் ரிசப்ஷன் அக்கா. அவரைவிட மூன்று வயது சின்னவள்தான். ஆனாலும் செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்கா.

நெட்டில் கண்ணில் படும் கட்டுரைகளை ‘பிறகு படிக்கலாம்’ என்று சேர்த்து வைக்கும் ஒரு சேவையை அக்கா பல வருடமாகப் பயன்படுத்தி வந்தாள். அது இந்த வெள்ளிக்கிழமையோடு மூடப் போகிறது. இனி வெளியாளை நம்ப வேண்டாம், நம் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற ஒன்றைப் போடுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டர் சார் அப்படிப்பட்ட மூன்று மென்பொருள் கருவிகளைப் போட்டுப் பார்த்தார். முதலாவது, பக்கத்தின் முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும், படு வேகம். இரண்டாவது எழுத்தை எடுத்துக்கொண்டு படங்களை விட்டுவிடும். மூன்றாவது, பக்கத்தைப் படத்தோடு அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு யானைப் பசி.

அவருக்கு முதலாவது போதும் என்று பட்டது. அக்கா மட்டும் மூன்றாவதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

“அப்படின்னா உங்க 212-ஐ மட்டும் ஏத்தறேன். மிச்சத்துக்கு டிஸ்க்ல இடம் இல்ல. கண்டதைக் கற்கப் பண்டிதன் ஆவான்னு சொல்வாங்க. கண்டதைச் சேர்த்து வெச்சா என்ன ஆவாங்கன்னு யாரும் சொல்லல.”

அக்கா சிரித்துக்கொண்டாள். அவர் வாய் அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் முன்பு லாரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு இந்தப் பட்டறையில் செய்த காலில்தான் நடக்கிறார். கால் மாட்ட வரும் புதியவர்களிடம், “யாரும் என்னைக் கைதூக்கி விடல. நானா நெட்ல தேடிப் படிச்சேன், நானா இந்த வேலைக்கு வழி கண்டுபிடிச்சேன்” என்று சொல்லாமல் விடமாட்டார்.

மிச்சத்தை அழிப்பதற்கு முன் பட்டியலை ஒருமுறை ஓடவிட்டார். ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் ஒரு எண் இருந்தது. என்ன கணக்கு இது என்று கேட்டார். அக்கா கொஞ்சம் தயங்கினாள். இங்கே கால் வைத்துக்கொண்டவர்களின் ஃபைல் நம்பர் என்றாள்.

“641 யாரு?”

“ஒரு தையல்காரர். புதுக் காலை வெச்சுக்கிட்டு மெஷின் மிதிக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேட்க வெட்கப்பட்டு எங்கிட்ட கேட்டாரு.”

அந்தக் கட்டுரையைத் திறந்தார். எங்கேயோ ஒரு தையல்காரர், தன் மெஷினின் மிதிபலகையை எப்படி மாற்றிப் பொருத்தினேன் என்று படம் படமாக எடுத்துப் போட்டிருந்தார்.

“1090?”

“அது ஒரு பொண்ணு. இப்ப எட்டு வயசு.”

அந்த எண்ணில் நாற்பது கட்டுரைகள் இருந்தன. அவர் தலைப்புகளைப் படித்துக்கொண்டே போனார். செயற்கைக் காலோடு நீச்சல். செயற்கைக் காலோடு கார் ஓட்டக் கற்பது. குதிகால் உயர்ந்த செருப்பு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது காலை எப்படிப் பார்த்துக்கொள்வது.

“எட்டு வயசுப் பொண்ணுக்கு இதெல்லாமா, அக்கா?”

“கேட்கிற வயசு வரும் சார். அன்னிக்குப் போய்த் தேடினா கிடைக்குமா? தனக்கு நடந்ததை யாரோ ஒருத்தங்க உட்கார்ந்து எழுதி வைக்கிறாங்க. நாலு வருஷத்துல அந்தப் பக்கமே காணாம போயிடுது. அதுக்குத்தான் நகல் எடுக்கிறது வேணும்னு கேட்டேன்.”

கம்ப்யூட்டர் சார் பட்டியலிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். நாலு வருடமாக இவளுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். போன் எடுப்பாள், டோக்கன் கொடுப்பாள், நடுநடுவே ஏதோ தட்டிக்கொண்டிருப்பாள். பொழுது போகாமல் செய்கிறாள் என்றே நினைத்திருந்தார். ஒரு குழந்தையின் இன்னும் வராத வருடங்களுக்கெல்லாம் முன்கூட்டியே போய் இவள் விளக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஆனா நீங்க எதையும் படிக்கலையே?”

“எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் சேர்ப்பேன் சார். குறி மட்டும் போடமாட்டேன். அவங்கவங்களுக்கு வேளை வரும்போது பிரிண்ட் எடுத்து, கால் கொடுக்கிற பையிலே வெச்சிடுவேன். படிச்சேன்னு அவங்க வாயால வந்து சொன்னாத்தான் ‘படித்தது’ன்னு போடுவேன். இதுவரைக்கும் 212 தடவை வந்து சொல்லியிருக்காங்க.”

போன் அடித்தது. அக்கா எழுந்து போய்விட்டாள்.

அவர் சர்வர் அறைக்குப் போனார். இடம் இல்லை என்று அவர் சொன்ன டிஸ்க்கில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தவை, அவரே ‘பிறகு பார்க்கலாம்’ என்று போட்டு வைத்த சினிமாக்கள். ஒன்றுவிடாமல் அழித்தார். மூன்றாவது கருவியை ஓடவிட்டார். பக்கங்கள் ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தன.

அப்போதுதான் அவருக்கு அந்த நினைப்பு வந்தது. நாற்காலியில் சாய்ந்து கால்சட்டையைத் தூக்கினார். அங்கே செய்யும் ஒவ்வொரு காலின் விளிம்பிலும் ஃபைல் நம்பரைப் பொறிப்பார்கள். அவருடையது 388.

தேடும் இடத்தில் அதை அடித்தார். ஒரே ஒரு கட்டுரை வந்தது. தலைப்பு: ‘காலை இழந்த லாரி டிரைவர், கம்ப்யூட்டர் படித்த கதை.’

தலைப்பைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. புதுக் காலோடு வந்த பையில், காலுக்கு மாட்டும் துணி உறைகளுக்கு நடுவே மடித்து வைத்திருந்த அதே கட்டுரை. யார் வைத்தது என்று அவர் கேட்டதே இல்லை. அந்தக் காகிதம் எட்டு வருடமாக அவருடைய பர்ஸில் இருக்கிறது, மடிப்பெல்லாம் கிழிந்து, வரிவரியாக மனப்பாடமாகி.

திரையில் அந்தக் கட்டுரைக்கு நேரே ஒரு குறி இருந்தது: படிக்காதது.