துறைமுக விளக்கை மறைப்பவள்

"ஏளா, வாய மூடு. அவரு பொண்டாட்டி செத்து ஒரு வருசம்கூட ஆவல."

"அப்பம் அவரு மொட்டமாடில பெட்ஷீட்ட விரிச்சுப் புடிச்சிட்டு நிக்கவ யாரு? எங் கண்ணு என்ன பொட்டையா?"

அடுத்த வீட்டுச் செல்லத்துரையும் அவர் மனைவி ராஜகனியும் நேற்று ராத்திரி போட்ட சண்டை இது. அப்போது நான் மாடியில் தனியாகத்தான் இருந்தேன்.

வானத்தில் ரோசெட் நெபுலா என்ற வாயு மேகத்தையும் அதன் நடுவே இருக்கும் நட்சத்திரக் கூட்டத்தையும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப மங்கலானது. பல நாள் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் தெரியும். தூத்துக்குடியில் எங்கள் வீடு துறைமுகத்துக்குப் பக்கம். அங்குள்ள பெரிய விளக்கின் வெளிச்சம் கேமராவில் அடித்துப் படத்தைக் கெடுத்துவிடும். போன வருடம் என் மனைவி தங்கபுஷ்பம்தான் கறுப்புப் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு மறைத்தாள்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இத்தன போட்டோ எடுக்கலயே நீங்க" என்பாள்.

ஆவணியில் அவள் போய்விட்டாள். பாதியில் நின்ற படத்தை இந்தத் தையில்தான் மறுபடி எடுத்தேன். பெட்ஷீட் பீரோவில் இருக்கிறது. விளக்கும் எரிகிறது. ஆனால் ஒரு படத்தில்கூட அந்த வெளிச்சம் விழவில்லை.

இன்னும் சில நாளில் படம் முடிந்துவிடும். முடிந்தால் அப்புறம் வரமாட்டாள். முடிக்காமல் இழுத்தால் கை கடுக்க நின்றுகொண்டே இருப்பாள். நான் என்ன செய்யட்டும்? தயவுசெய்து யாராவது பதில் போடுங்கள்.