லாசரஸுக்குப் போட்ட பொன்னாடை

அந்தோணிசாமியை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவது என்று ஸ்ரீவத்சன் முடிவே செய்துவிட்டார்.

பின்னே என்ன? அந்த ஆள் செய்வது அக்கிரமம் இல்லையா?

மாடம்பாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கிற கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வருடம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்வார்கள். ரிசல்ட் குரூப்பில் மார்க் ஷீட் மாதிரி வரும். யாருக்குக் கொலஸ்ட்ரால் குறைவோ அவருக்குப் பொன்னாடை. குரூப் அட்மின் ஸ்ரீவத்சன்தான் போர்த்துவார். ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், எதையும் முறையாகச் செய்கிறவர்.

இந்த வருடம் பொன்னாடை லாசரஸுக்கு. போன வருட அளவில் பாதியாக இறங்கி, நூற்றுப் பத்தில் நின்றிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். டயட் ரகசியம் என்ன என்று மொய்த்துக்கொண்டார்கள். லாசரஸ் லேசாகச் சிரித்ததோடு சரி. அவர் எப்போதுமே அதிகம் பேசாத மனிதர்.

அந்தோணிசாமிக்குக் கடைசி ரேங்க். இருநூற்று அறுபது. தொப்பை அவருக்கு முன்னால் நடக்கும். அன்றைக்குக் கை தட்டாதவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த வாரமே கூத்து ஆரம்பித்தது. நடை முடிந்ததும் அந்தோணிசாமி லாசரஸின் தோளில் கை போட்டு கிளியம்மாள் டிபன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவார். நெய் மிதக்கிற பொங்கல், கூட ஒரு வடை. லாசரஸ் வேண்டாம் என்றாலும் விடமாட்டார். தட்டு காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். லாசரஸ் நடக்க வராத நாளில் வீட்டுக்கே போய் பெல் அடிப்பார்.

"பொறாமை சார். தான் கெட்டது போதாதுன்னு நல்லா இருக்கிறவரையும் கெடுக்கிறார்" என்றார் கூட நடக்கிற சவுரிமுத்து.

இரண்டே மாதத்தில் லாசரஸுக்குக் கன்னத்தில் சதை போட்டுவிட்டது. லேசாகத் தொப்பைகூட எட்டிப் பார்த்தது. இதற்கு மேல் பொறுக்க முடியாமல் ஸ்ரீவத்சன் நேராக டிபன் கடைக்கே போய்விட்டார். பின்னாலேயே மொத்த குரூப்பும் போனது.

"அந்தோணிசாமி, உங்களை குரூப்லேர்ந்து எடுக்கப் போறேன். நீங்க லாசரஸ் சார் உயிரோட விளையாடறீங்க."

அந்தோணிசாமி டீயைக் குடித்தார். லாசரஸ்தான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என் உயிரைப் பத்தின பேச்சு, நானே சொல்லிடறேன் சார். நான் டயட்லாம் இருக்கவே இல்லை. மாசக்கணக்கா சாப்பாடு இறங்கல, தூக்கம் இல்லை. பெரிய காரணம்னும் ஒண்ணும் இல்லை. நீங்கள்லாம் ரகசியம் கேட்டீங்க. இவர் மட்டும் வீடு வரைக்கும் கூட வந்து, 'உயிரோட இருக்க வேணாம்னு தோணுதாண்ணா?'ன்னு நேராவே கேட்டார். அழுதுட்டேன் சார். ஏன்னா அது நிஜம்."

மறுநாளே அந்தோணிசாமி அவரை டாக்டர் ஜெரூஷாவிடம் கூட்டிப் போனாராம். தைராய்டு அதிகமாகச் சுரக்கிற கோளாறு, மனச்சோர்வு இரண்டுமே இருந்தன. கொலஸ்ட்ராலுக்கும் ஹார்மோனுக்கும் இந்த மாதிரி எண்ணத்துக்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, குறைந்த நம்பர் வந்தவரெல்லாம் அப்படி இல்லை என்றாராம் டாக்டர். ஆனால் காரணமே இல்லாமல் நம்பர் இறங்கினால் அந்த ஆளை உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்றாராம். மாத்திரை கொடுத்துவிட்டு, இவரைத் தனியாகச் சாப்பிட விடாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பொங்கல் அதற்குத்தான்.

ஊரே பொறாமைக்காரன் என்றபோதும் அந்தோணிசாமி இன்னொருவர் ரகசியத்தை வெளியே விடாமல் வாங்கிக் கட்டிக்கொண்டாரே, அந்த மனசு யாருக்கு வரும்?

ஸ்ரீவத்சன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்த நம்பரை நாங்க எல்லாரும்தான் பார்த்தோம். எங்களுக்குத் தோணலையே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

லாசரஸ் தட்டில் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொல்லிவிட்டு அந்தோணிசாமி நிமிர்ந்தார்.

"மறந்துட்டீங்களா சார்? கொரோனா முடிஞ்ச வருஷம் அந்தப் பொன்னாடையை எனக்குத்தான் போட்டீங்க."