வாசலில் நின்ற கார்

பெண் பார்க்க வந்தவர்களின் கார் தெருமுனையில் கட்டணம் கட்டி நிற்பதைப் பெண்ணின் அப்பா ஆவுடையப்பரால் பொறுக்க முடியவில்லை. வாசலில் கார் நிறுத்தத்தைக் கண்காணிக்கும் கம்பத்தில் கைவைத்து, தம் வீட்டாரின் காருக்கு மட்டுமே உரிய நிறுத்த அனுமதியை அந்தக் காருக்கே கொடுத்துவிட்டார். கார் தானாக உருண்டு வந்து வாசலில் நின்றது. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பேச்சு நல்லபடியாக முடிந்து, அப்போதே தாம்பூலமும் மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் காரில் ஏறினார்கள்.

"வீட்டுக்குப் போ" என்றார் மாப்பிள்ளையின் அப்பா கோலப்பன்.

"வீட்டில்தான் இருக்கிறீர்கள்" என்றது கார்.

எத்தனை முறை சொல்லியும் அது அசையவில்லை. கோலப்பன் கண்ணாடியை இறக்கினார். "என்ன அண்ணாச்சி, எம் பையனை வீட்டோட மாப்பிள்ளையா ஆக்கப் பாக்கியளா?"

ஆவுடையப்பர் ஓடிப்போய்க் கம்பத்தைத் தட்டினார்.

"'இவர்கள் எங்கள் வீட்டார் அல்லர்' என்று உரக்கச் சொல்லுங்கள். அனுமதி நீங்கிவிடும்" என்றது கம்பம்.

அவர் வாயைத் திறந்தார்.

"அதை மட்டும் சொல்லிராதிய" என்று கோலப்பன் பதறினார். "சொன்னா இந்தப் படியை நாங்க திரும்ப மிதிக்க மாட்டோம்."

"சொல்லாட்டா நீங்க எப்படிப் போவிய?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

எது மரியாதை, எது அவமானம் என்று ஆவுடையப்பருக்குப் பிடிபடவில்லை. திறந்த வாயை வீணாக்காமல், "இறங்குங்க, ராத்திரிச் சாப்பாடு இங்கதான்" என்றார்.

"அப்போ நாளைக்குக் காலையில?"

மாப்பிள்ளையின் அம்மா அதற்குள் இறங்கி, வாசலில் மறுபடி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.