மெட்டியில் சுற்றிய நூல்

"அம்மாவுக்கு முட்டை அவிச்சுக் கொடுங்க."

எங்கள் வீட்டில் வாய்திறந்து கேட்கக் கூடாது என்றிருந்ததை நான் சத்தமாகவே கேட்டேன். அப்பா நிமிரவில்லை. அம்மாவின் வயிற்றுக் கட்டியைப் பட்டினி போட்டே கொன்றுவிடலாமென்று அவரும் அத்தையும் முடிவுகட்டி, வெறும் கஞ்சித் தண்ணீரைக் கொடுத்துவந்தார்கள். அத்தை இப்போதும் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, கழன்று கழன்று விழும் மெட்டிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மெட்டியைவிட நூல் தடித்திருந்தது.

"ஏட்டி, கட்டிக்குத் தீனி போடச் சொல்லுதியா? காலேசு போன திமிரா?"

"நீங்க போடலைன்னா அது பட்டினி கிடக்காது அத்தை. அம்மா சதையைத் தின்னும். டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல? அந்த விரலைப் பாருங்க."

அத்தை பார்க்கவில்லை. இன்னொரு சுற்று சுற்றினாள்.

"மிளகு போடுவியா?" என்று அம்மா மெல்லக் கேட்டாள்.

அவளைத் தூக்கினேன். கட்டியோடு சேர்த்தும் கனமே இல்லை. வாசற்படி தாண்டும்போது மெட்டி நூலோடு கழன்று விழுந்தது.

"ஐயோ, புருசன் இருக்கையிலே மெட்டி விழலாமாட்டி!" என்று அத்தை அலறினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகக் காலையிலேயே சொல்லிவைத்திருந்த ஆட்டோ தெருவில் நின்றது. நான் குனியாமல் நடந்தேன்.