சாவு மேளம்

தெருவுக்கு அடியில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபின், மேலே சாவுக்குக்கூட மேளம் அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. தரை அதிர்ந்தால் ரயில்கள் தாமாக நின்றுவிடும்.

ஏகாம்பரம் அந்தச் சுரங்கத்தைத் தோண்டியே நெஞ்சு கெட்டுச் செத்தவர். பாடையருகே வந்த ரயில் காவலர் ஆளுக்கொரு ஹெட்போன் நீட்டினார்.

"மோளம் இதுல கேக்கும். மாட்டிக்கினு அழுங்க."

"செத்தவரு காதுலயும் மாட்டுவியா?" என்றாள் மகள் பவானி.

"கீழ லட்சம் பேரு வேலைக்குப் போறாங்க, தங்கச்சி."

"எங்கப்பா தோண்டுன வழிதானே? அவருக்காவ கொஞ்ச நேரம் நிக்கட்டும்!"

பவானி சட்டத்தை மீறி வரவழைத்திருந்த மேளக்காரர்கள் தயங்கினார்கள். பவானி ஒருவரிடமிருந்து மேளத்தைப் பிடுங்கித் தாளம் தப்பத் தப்ப அடித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தரைக்கடியில் ஓயாமல் கேட்கும் உறுமல் சட்டென்று அடங்கியது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கை மட்டும் நிற்கவில்லை.