சேஷன் மாமியின் மௌனம்

ஆட்டோ கிளம்பியும் சேஷன் மாமி ஒரு வார்த்தை பேசவில்லை.

 மதுமதியின் மடியில் அவள் மகள், ஒன்பது வயது ஷ்வேதா, தேம்பிக்கொண்டிருந்தாள். மேல்வரிசையில் முன்பல் இருந்த இடத்தில் கர்சீப்பை அழுத்திப் பிடித்திருந்தாள் மதுமதி. கர்சீப் முழுக்க ரத்தம்.

"டாக்டர் ஃபோன்ல என்ன சொன்னாரு மாமி?"

மாமி கையை மட்டும் அசைத்தாள், அப்புறம் பார்க்கலாம் என்கிற மாதிரி.

"இது பால்பல்லு இல்ல மாமி. விழுந்து முளைச்ச பல்லு. இனிமே முளைக்காதுங்கிறாங்களே, நிஜமா?"

மாமி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் லீவு. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து நாலைந்து குடும்பமாக லோதி கார்டனுக்கு வெயில் காய வந்திருந்தார்கள். புளியோதரை, ஆரஞ்சு, வேர்க்கடலை என்று ஜமுக்காளமே நிறைந்து கிடந்தது. பழைய கட்டடத்தின் கல்படியில் ஓடிப்பிடித்து விளையாடிய ஷ்வேதா தடுக்கி விழுந்து, முகம் படியில் மோதிவிட்டது. முன்பல் அப்படியே தெறித்துப் போயிற்று. மதுமதியின் கணவன் ராஜவேலோ ஆபீஸ் வேலையாகக் கல்கத்தாவில் இருந்தான். 

"லீவு நாள்ல எந்தப் பல் டாக்டர் கடையைத் தொறந்து வெச்சிருப்பான்?" என்று ஆளாளுக்குக் கையைப் பிசைந்தார்கள்.

"சரோஜினி நகர்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார், விஸ்வநாதன்னு. ஆத்துக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுண்டு வரேன்" என்று கேட்டுக்கு வெளியே இருந்த பி.சி.ஓ. டெலிஃபோன் பூத்துக்கு ஓடியது சேஷன் மாமிதான். அதுவரை சரி.

திரும்பி வந்தவள் குழந்தையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "டாக்டர் வரச் சொல்லிட்டார். யார்கிட்டயாவது பால் இருக்கா?" என்றாள்.

"ஃப்ளாஸ்க்ல கலந்த காபிதான் மாமி இருக்கு."

"அது வேண்டாம். மதுமதி, நீ குழந்தையோட கேட்டுக்குப் போ. தோ வந்துடறேன்."

பிள்ளை ரத்தம் வழிய நிற்கிறது, இந்த அம்மாளுக்குக் கலக்காத பால் வேண்டுமாம். கேட்டுக்குப் போகிற வழியில் மதுமதி திரும்பிப் பார்த்தாள். மாமி கல்படிக்குக் கீழே குனிந்து புல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். காதுத் தோட்டைத் தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது. வைரத் தோடு, விடுவாளா?

கொஞ்ச நேரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து ஏறினாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் பேச்சே இல்லை.

சேஷன் மாமியின் ஆசாரம் குவார்ட்டர்ஸ் பூராவும் பிரசித்தம். அடுத்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். போன கோடையில் தாகம் தாங்காமல் ஷ்வேதா மாமி வீட்டுச் செம்பில் வாய்வைத்துக் குடித்துவிட்டாள். மாமி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அந்தச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்து, பால்கனியில் கவிழ்த்து வைத்திருந்ததை மதுமதியே கண்ணால் பார்த்தாள். மனசு விட்டுப் போயிற்று. அன்றிலிருந்து, "சௌக்கியமா மாமி?" என்பதோடு சரி.

ஜோர்பாக் ரெட்லைட்டில் ஆட்டோ நின்றது.

"மம்மி, பஹுத் தர்த் ஹோ ரஹா ஹை" என்று வலி தாங்காமல் இந்தியில் முனகிக்கொண்டே ஷ்வேதா இருமினாள். ரெண்டு சொட்டு ரத்தம் மாமியின் புடவையில் தெறித்தது. மாமி முந்தானையை இன்னும் இறுக்கி வாயில் அழுத்திக்கொண்டாள்.

மதுமதியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"என்ன மாமி, குமட்டுதா? எம்பொண்ணு ரத்தம் உங்களுக்குத் தீட்டா?"

இல்லையென்று மாமி தலையை ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"வாயைத் திறந்து ஒரு ஆறுதல் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? வேணாம் மாமி. இங்கேயே இறங்கிக்குங்க. வழி கேட்டு நானே போய்க்கிறேன்."

மாமி இறங்கவில்லை. டிரைவரின் தோளைத் தட்டி, சீக்கிரம் போகும்படி கையைக் காட்டினாள்.

"சல் ரஹா ஹூம் மாதாஜி" என்று, போய்க்கொண்டுதானே இருக்கிறேன் என்கிற மாதிரி அவன் சலித்துக்கொண்டு வண்டியை விரட்டினான்.

டாக்டர் விஸ்வநாதன் தானே கிளினிக் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தார். ஷ்வேதாவை நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டுப் பார்த்தார்.

"வேரோட வந்திருக்கு. நல்லதுதான். பல் எங்கே?"

"பல்லா?" மதுமதி விழித்தாள். "அது அங்கேயே எங்கேயோ விழுந்திருச்சு டாக்டர். அதைக் கொண்டாரணும்னு எனக்குத் தெரியாது."

"என்னம்மா நீங்க? ஒரு மணி நேரத்துக்குள்ள, காயாமக் கொண்டுவந்தா திரும்ப அதே இடத்துல வெச்சுக் கட்டிடலாம். பெரும்பாலும் பிடிச்சுக்கும். ஃபோன்ல அவ்வளவு தூரம் சொன்னேனே."

மதுமதி நாற்காலியில் கிடந்த ஷ்வேதாவைப் பார்த்தாள். பெண்குழந்தை, ஆயுசு பூரா பொக்கை வாயோடு இருக்கப்போகிறது. யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? திரும்பி மாமியை முறைத்தாள்.

சேஷன் மாமி முந்தானையை விலக்கினாள். மேஜைமேல் இருந்த ஸ்டீல் கிண்ணத்தை எடுத்து வாயருகே பிடித்துக்கொண்டு குனிந்தாள். கன்னத்தோரம் அடக்கி வைத்திருந்த பல், ரத்தமும் எச்சிலுமாக, டங்கென்று கிண்ணத்தில் விழுந்தது.

"நீங்க சொன்னபடி பல்லைப் போட்டு வைக்கப் பால் கிடைக்கலை டாக்டர். குழந்தை வாயில வெச்சா அழற அழுகையில முழுங்கிடுவாளோன்னு பயமா இருந்தது. அதான் என் வாயிலேயே வெச்சுண்டு வந்துட்டேன்."